அதுக்கென்ன அக்காவின் ஒஹாகி

அக்காவிடம் ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்தவர்கள் துபாய் கராமாவில் யாரும் கிடையாது. கேள்வி பாதி வாயில் இருக்கும்போதே பதில் வந்து விழுந்துவிடும். "அதுக்கென்ன, செய்வம்!" என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரியவரும். சில நேரம் தெரியவே வராது, அதற்குள் செய்து முடித்திருப்பார்.

அதற்கு முதல் சாட்சி என் வீட்டுக் கதவு. நாங்கள் குடிவந்த வாரம், குப்பைப் பையை வெளியே வைக்கப் போனேன், கதவு பின்னால் டப்பென்று சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, அடுப்பில் பால். எதிர் ஃப்ளாட்டின் பெல்லை அடித்தேன். ஹவுஸ்கோட்டும் ஈரத்தலையுமாக ஓர் அம்மா வந்து நின்றார்.

"அக்கா, உங்களுக்குப் பூட்டு திறக்க..."

"அதுக்கென்ன பிள்ளை, திறப்பம்."

உள்ளே போய் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு தோசைக் கரண்டியுமாக வந்தார். உலகத்தில் எந்தத் தொழிலிலும் இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. குத்தினார், நெம்பினார், கடைசியில் தோளால் ஓர் இடி இடித்தார். கதவு திறந்தது. திறந்ததோடு நிற்காமல், இனிமேல் மூடவே மாட்டேன் என்றும் முடிவெடுத்துவிட்டது. வாட்ச்மேன் ஓடிவந்து பார்த்து, "பாபி, யே க்யா கர் தியா?" என்று, என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்கிற மாதிரி, தலையில் கைவைத்தான். உள்ளே பால் பொங்கித் தீய்ந்து, பாத்திரம் கறுத்துக் கிடந்தது. அக்கா அதையும் எட்டிப் பார்த்துவிட்டு, "கதவு திறந்திட்டுது தானே" என்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! பூட்டு மாற்ற ஆள் வரும்வரை கேஸ் சிலிண்டரைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் டாக்குமெண்ட் வேலை. குள்ளம், ஐம்பதை ஒட்டிய வயது, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஏறிவிட்டு மேலே வந்து மூச்சிரைக்கும் ரகம். அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அல் குசைஸில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். வாயைத் திறந்து அவர் பேசுவது அபூர்வம். பேச வேண்டிய எல்லாவற்றையும் அக்காவே பேசிவிடுவதால் மிச்சம் எதுவும் இருக்காது என்பது என் கணிப்பு.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "ஏன்க்கா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டா என்னவாம்? உசுரா போயிடும்?"

"கேக்கிற ஆளின்ர முகம் சுருங்கிப் போயிடும் பிள்ளை. எனக்கு அதைப் பாக்க ஏலாது."

அவ்வளவுதான் விளக்கம். இந்த ஒரு காரணத்துக்காக அந்தப் பெண்மணி இழுத்துவிட்டுக்கொண்ட வம்புகள் கொஞ்சநஞ்சமில்லை.

என் கணவரின் சைட்டில் வேலைபார்த்த அறந்தாங்கிக்காரர் ஒருவர், கன்னம் வீங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். பல்வலி. கிளினிக்கில் இருப்பவர் அரபி டாக்டராம், பாஷை தெரியாமல் போகப் பயம். தற்செயலாக உள்ளே வந்த அக்காவைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு அரபி..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததோடு சரி. "அதுக்கென்ன, எழும்புங்கோ போவம்" என்று அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத் தெரிந்து அக்காவின் அரபி மொத்தமே யல்லா, கலாஸ், மாஃபி மூன்றும்தான்; அதாவது சீக்கிரம், முடிந்தது, இல்லை. வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் கூடவே ஓடினேன். அங்கே போய், மாஸ்க் போட்ட டாக்டர் முன்னால் அறந்தாங்கிக்காரரின் தாடையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "டாக்டர்! ஸ்லீப்பிங் மாஃபி! ஈட்டிங் கலாஸ்! யல்லா, யல்லா!" என்று ஒரு அதட்டல் போட்டார். டாக்டர் மாஸ்க்கைக் கீழே இறக்கி, "அம்மா, நான் திருச்சி. எந்தப் பல்லு வலிக்குது?" என்று கேட்டார். நான் வெளியே ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்காவுக்கோ துளி வெட்கமில்லை. "பாத்தியே பிள்ளை, நான் கதைச்சது அவருக்கு விளங்கினது தானே" என்றார் வரும் வழியெல்லாம்.

டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய கதை இன்னும் மோசம். வாங்கிய சூட்டோடு, மேல்மாடி மலையாளி நர்ஸ் ஷார்ஜாவில் ஒரு பெயர்சூட்டு விழாவுக்குப் போக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். "அதுக்கென்ன, நான் கொண்டுபோய் விடுறன்." நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். பெருஞ்சாலையில் ஏறும்வரை எல்லாம் சரி. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தபோது வரிசையாக லாரிகள். அக்காவுக்கு லேன் மாறப் பயம். அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம் என்றார். அதிலும் லாரி. இப்படி அடுத்தது, அடுத்தது என்று ஷார்ஜா போய், அஜ்மான் போய், இரண்டு பக்கமும் மணல்மேடும் ஒட்டகமும் தெரிய ஆரம்பித்தன. நர்ஸ் கையிலிருந்த பரிசுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். ராஸ் அல் கைமாவில் ரோடு கொஞ்சம் காலியான பிறகுதான் வண்டி நின்றது. இறங்கிய அக்கா கடல்காற்றை ஆசைதீர இழுத்துவிட்டு, "இஞ்ச மீன் நல்லா இருக்குமாம்" என்றார். விளைமீன் இரண்டும் நண்டும் வாங்கிக்கொண்டு, விழா வீட்டில் பாத்திரம் கழுவும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

திட்டாமல் இருக்க முடியுமா? திட்டுவேன். ஆனால் வாய் நிறையத் திட்ட எனக்கு வராது, அதற்குக் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் எனக்குக் கடுமையான காய்ச்சல். என் கணவருக்கு அபுதாபி சைட்டில் டியூட்டி, லீவு கிடைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் கூட..." என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. "அதுக்கென்ன பிள்ளை" என்று தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர், காய்ச்சல் விடும்வரை என் வீட்டுத் தரையிலேயே படுத்தார். மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார், தலை துவட்டிவிட்டார், ஆபீசுக்குப் போன் போட்டுத் தங்கச்சிக்குச் சுகமில்லை என்று லீவு சொன்னார். என்ன கேட்கப் போகிறோம் என்று தெரியாமலேயே சரி என்று சொல்லும் ஓர் ஆள் எதிர்வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அக்கா என்றால் எனக்கு உயிர்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். துபாயிலேயே வளர்ந்து, படிக்க ஜப்பானுக்குப் போய், ஒசாகாவில் வேலையும் கிடைத்துவிட்டது. கூட வேலைபார்க்கும் ஜப்பானியப் பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் போனில் சொன்னாள். அக்கா வழக்கம்போல அவள் சொல்லி முடிக்குமுன் சரி சொல்லிவிட்டார். அண்ணனும் தலையாட்டிவிட்டார். ஆட்டாதது ஒரு தலைதான், பையனின் அம்மா. கணவரை இழந்து ஒற்றை மகனை வளர்த்தவர். பெண்ணின் வீட்டைப் பார்க்காமல், அந்த மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல், தன்னால் பதில் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"அவா ஓமெண்டு சொல்லாட்டி நாங்கள் கட்ட மாட்டம் அம்மா" என்றாள் மகள். "அவரை அவா தனிய நிண்டு வளர்த்தவா. அவாவை அழவச்சிட்டு எனக்குக் கலியாணம் வேண்டாம்."

முதல் வீடியோ காலின்போது நானும் அக்கா வீட்டு சோஃபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். திரையில் நரைத்த குட்டை முடியோடு, நிமிர்ந்த முதுகோடு அந்த அம்மா. சிரிப்பே இல்லை. மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். அந்த அம்மா ஏதோ சொன்னார்.

"அவா சொல்லுறா, அவையின்ர வீட்டில செத்துப்போன ஆக்களை நினைக்கிற நாளில ஒஹாகி எண்டு ஒரு இனிப்புச் செய்து படைக்கிறவையாம். அவாக்கு அதெண்டால் சரியான விருப்பமாம். உங்கட வீட்டில..."

"அதுக்கென்ன!" என்று அக்கா போனுக்குள் பாய்ந்தார். "யெஸ், யெஸ்! ஒஹாகி! மை ஹோம், ஆல்வேஸ் மேக்கிங்!"

மகளின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அந்த அம்மாவுக்கு அந்த இங்கிலீஷ் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்து, அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்து, இரண்டு கையையும் மடியில் வைத்துத் தலை வணங்கினார். துபாய்க்கு உங்கள் வீடு பார்க்க வரும்போது உங்கள் கையால் சாப்பிட ஆசை என்றாராம்.

அந்தப் பக்கம் கால் முடிந்ததும் இந்தப் பக்கம் மகளிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

"அம்மா! உங்களுக்கு விசரே? ஒஹாகி எண்டால் என்னெண்டாவது தெரியுமோ?"

"அவா ஆசையாக் கேட்டவா. இல்லையெண்டு சொல்ல முகம் சுருங்கிடும் பிள்ளை."

"அவாக்குப் பொய் சொன்னால் அறவே பிடிக்காதம்மா. ப்ளீஸ். இது பொய்யெண்டு தெரிஞ்சால் எல்லாம் முடிஞ்சுது. நான் சும்மா சொல்லேல்லை."

அக்காவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு பளிச்சென்று ஆனது. "அவா வாறதுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்குதானே? அதுக்குள்ள நாங்கள் கன தரம் செய்தால், அடிக்கடி செய்யிறனாங்கள் எண்டது மெய்யாப் போயிடும்."

பட்டாணியை ஓரமாக வைத்துவிட்டு அவரோடு அடுக்களைக்குள் போனேன்.

ஒஹாகி என்பது வேறொன்றுமில்லை. ஒட்டும் அரிசியை வேகவைத்து, பாதி மசிந்தும் பாதி மசியாமலும் இடித்து உருட்ட வேண்டும். அசுகி என்ற சின்னச் சிவப்புப் பயற்றை வேகவைத்து, சீனி போட்டுக் கிளறி விழுதாக்கி, அந்த உருண்டையின் மேல் போர்த்த வேண்டும். வீடியோவைப் பார்த்துவிட்டு அக்கா கையைத் தட்டினார்.

"இது எங்கட கொழுக்கட்டை தான் பிள்ளை! சட்டையை உள்வெளியா மாத்திப் போட்டிருக்கு!"

கொழுக்கட்டை என்று முடிவான பிறகு சட்டமும் கொழுக்கட்டைச் சட்டம்தான். முதல் உருண்டை பிள்ளையாருக்கு. படைக்கும் முன்னால் யாரும் வாயில் வைக்கக்கூடாது, நாக்கில் தொட்டும் பார்க்கக்கூடாது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மர அலமாரியில் இருந்த பிள்ளையார் இதற்கு என்ன பாவம் செய்தாரோ தெரியாது. அடுத்த சில வாரங்கள் நாங்கள் செய்த கண்றாவிகள் எல்லாவற்றையும் முதலில் ஏற்றுக்கொண்டவர் அவர்தான்.

முதல் தடவை இட்லி அரிசி. உருட்டி வைத்த உருண்டை பார்க்கப் பார்க்க உப்புமாவாகச் சரிந்தது. அசுகி என்று நினைத்து நான் வாங்கிவந்தது தட்டைப்பயறு. அதைக் கிளறி முடித்ததும் வாசனை வந்ததே, உடனே கடுகு தாளித்துக் கொட்டிவிடலாம் போல எனக்குக் கை பரபரத்தது.

இரண்டாம் தடவை, சத்வாவில் ஒரு ஃபிலிப்பினோ கடையைத் தேடிப் பிடித்து ஒட்டரிசியும் அசுகியும் வாங்கினோம். ஒட்டரிசி என்று பெயர் வைத்தவனுக்குக் கோயில் கட்ட வேண்டும். தண்ணீர் கூடிப்போய், இடிக்க இடிக்க அது அக்காவின் இரண்டு கையையும் கவ்விக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன். எடுத்தார். போன் கையோடு வந்துவிட்டது, காதோடும் ஒட்டிக்கொண்டது. "ஓகே சார், ஓகே சார்" என்று மேனேஜரிடம் எதற்கோ சம்மதித்துக்கொண்டே போனைப் பிய்க்கப் பார்க்கிறார். நான் உதவிக்குப் போய் என் வளையலும் மாட்டிக்கொண்டது. கதவு திறந்து வந்த அண்ணன், நாங்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு கண்ணில் நீர்வரச் சிரிப்பதைப் பார்த்தார், போய்ச் செருப்பைக் கழற்றினார். மேனேஜரிடம் என்னத்துக்குச் சம்மதித்தோம் என்பது அக்காவுக்கு மறுநாள்தான் தெரிந்தது. லீவு நாளில் ஸ்டாக் எண்ணப் போக வேண்டியதாயிற்று.

மூன்றாம் தடவை பயற்று விழுது கொதித்து மேல்கூரை வரை தெறித்தது. நான்காம் தடவை ஏலக்காய் போடலாம் என்று அவரும், நெய் விடலாம் என்று நானும் சண்டை பிடித்து, கோபத்தில் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து கதவைத் தட்டி, "நெய் கொஞ்சமா விடு பிள்ளை, தனியச் செய்ய விருப்பமில்லை" என்றார். மகளோ போனில், ஏலக்காயும் வேண்டாம் நெய்யும் வேண்டாம், கடைசியில் ஒரு நுள்ளு, அதாவது ஒரு சிட்டிகை, உப்பு மட்டும் போட வேண்டும் என்றாள்.

உப்பா? இனிப்பிலா? எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பெரிய அதிசயம். உப்பு போட்டால்தான் இனிப்பு எடுத்துக் கொடுக்குமாம். அந்த உப்பைப் பற்றியே நாள்கணக்கில் பேசினோம். லிஃப்டில் பேசினோம், மாடியில் துணி காயப்போடும்போது பேசினோம். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். உப்போடு செய்த ஐந்தாம் தடவை, பிள்ளையாருக்கு வைத்துவிட்டு வாயில் போட்டோம். அட, அமிர்தம்! அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அடுக்களையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

வருகிற நாளும் வந்தது. மாலையில் வருவதாகச் சொன்னவர்கள், ஃப்ளைட் களைப்பில்லை, ஹோட்டலில் இருக்கப் பிடிக்கவில்லை என்று முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். "அம்மா, நாங்கள் மெட்ரோவால இறங்கிட்டம், நடந்து வாறம்" என்று மகள் போன் பண்ணியபோது பயறு அடுப்பில், அரிசி குக்கரில், அக்கா ஹவுஸ்கோட்டில்! அப்புறம் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் சேலை கட்ட ஓட நான் கிளற, நான் பூ வைக்க ஓட அவர் கிளற, அண்ணன் கையில் துடைப்பத்தோடு குறுக்கே நெடுக்கே நடக்க, ஒருவழியாக உருட்டி, போர்த்தி, முதல் உருண்டையைப் பிள்ளையார்முன் வைத்து விளக்கேற்றவும் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது.

"விழுது இன்னைக்குக் கொஞ்சம் வறண்டாப்பல இல்ல?" என்று காதில் கேட்டேன்.

"ஏசிக் காத்துப் பிள்ளை. பேசாமல் வா."

அந்த அம்மா காலணியைக் கழற்றி, வாசலைப் பார்த்துத் திருப்பி அழகாக வைத்தார். மகன் பின்னால், நெடுநெடுவென்று, நெற்றியெல்லாம் வியர்வை. மகளின் கண் எங்கள் தட்டின் மேலேயே இருந்தது. உள்ளே வந்த அம்மா, பிள்ளையார்முன் இருந்த அந்த ஒற்றை ஒஹாகியைப் பார்த்து நின்றுவிட்டார். தங்கள் வீட்டிலும் கணவரின் படத்துக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்களாம். கைகூப்பிக் கும்பிட்டார். கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று மனதுக்குள் மேளமே அடித்துவிட்டேன்.

விருந்தாளி சாப்பிடாமல் வீட்டார் சாப்பிடுவது அக்கா வீட்டு வழக்கமில்லை. நாங்கள் சுற்றி நிற்க, அந்த அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். ஒரு நொடி நின்றார். மறுபடி மென்றார். முழுதும் சாப்பிட்டு, அக்காவைப் பார்த்துத் தலை வணங்கினார்.

"இன்னொண்டு வைக்கட்டே?" பதிலுக்குக் காத்திராமல் அக்கா வைத்தார்.

இரண்டாவதும் போயிற்று, கொஞ்சம் மெதுவாக. பையன் தன் பங்கில் ஒரு கடி கடித்துவிட்டுச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார், அவனும் விழுங்கினான். எனக்கு ஏதோ உறைத்தது. சட்டியை வழிக்கும் சாக்கில் அடுக்களைக்குப் போய், அதில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்து நக்கினேன்.

ஐயோ! உப்பு. பயறும் உப்பும். சீனி என்ற வாசனையே இல்லை. திரும்பிப் பார்த்தால், வாஷிங் மெஷின்மேல், தட்டுப்போட்டு மூடியபடி, அளந்துவைத்த சீனி அப்படியே கிண்ணத்தில் இருக்கிறது! நான் போட்டிருப்பேன் என்று அவர், அவர் போட்டிருப்பார் என்று நான்.

ஹாலுக்கு ஓடினேன். அக்கா மூன்றாவதை வைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். கையால் கழுத்தை அறுத்துக் காட்டினேன். "ஏன் பிள்ளை, தொண்டை நோகுதே?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினார். "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ, வெக்கப்படாதேங்கோ." அந்த அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அது பாசம் என்று நினைத்து அக்காவும் கலங்கினார். மூன்றாவது உள்ளே போய்க்கொண்டிருந்தது. விருந்துக்கு அழைத்து ஒரு மனுஷியை இப்படி வதைக்கலாமா என்று எனக்குப் பதறியது.

அப்போதுதான் அண்ணன், என்ன தோன்றியதோ, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். அந்த வருஷத்தின் மிக முக்கியமான பேச்சைப் பேசினார்.

"சீனி இல்லை."

அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். முகம் வெளிறிப்போனது. இனி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இதுதான் எங்கள் முறை, யாழ்ப்பாணத்தில் உப்பு ஒஹாகிதான் விசேஷம் என்று கூசாமல் அடித்துவிடுவார். சொன்னால் அந்த அம்மா நம்பவும் நம்புவார். மகளும் அதையே நினைத்திருக்க வேண்டும். வேண்டாம் அம்மா என்பதுபோல் தலையை அசைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த அம்மாவுக்கு நேரே தரையில் உட்கார்ந்தார்.

"மகள், நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டாமல் குறைக்காமல் சொல்லு. எனக்கு இது செய்யத் தெரியாது. உங்கட வாயால கேக்கும்வரைக்கும் இப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. அண்டைக்குப் பொய்தான் சொன்னனான். நீங்கள் ஆசையாக் கேட்டனீங்கள், இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. என்ர பிள்ளை ஒரு பொய்யும் சொல்லேல்லை. பிழை என்ரது."

மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா கையில் பாதி ஒஹாகியோடு கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அடக்கமாட்டாமல், "ஒரு மாசமாப் படிச்சோம்மா, கூரையெல்லாம் பயறு, வேணும்னா வந்து பாருங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அதையும் மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா ஏதோ கேட்டார்.

"சீனி மறந்தது சரி, ஏன் இவ்வளவு உப்பு எண்டு கேக்கிறா."

"ஒரு நுள்ளு தானே போட்டனான்" என்றார் அக்கா.

"நீங்க போட்டீங்களா? நான்ல போட்டேன்!" என்றேன் நான்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நீங்கள் ரெண்டு பேரும் மறந்திடுவியள் எண்டு நானும் போட்டனான்."

இதை மொழிபெயர்க்க மகளுக்கு முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் பழகிய அரைகுறைத் தமிழில் பையன்தான் புரிந்துகொண்டு மூன்று விரலைக் காட்டித் தன் அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மா புறங்கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நாங்கள் பயந்தோம், கையை எடுத்தபோது பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து மெதுவாக நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறா? என்ன சொல்லுறா?" அக்கா மகளின் முழங்காலைப் பிடித்து உலுக்கினார்.

மகள் மூக்கை உறிஞ்சினாள். "அவா சொல்லுறா... முதலாவதைச் சாப்பிடேக்க, இந்த வீட்டு ருசி இப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சாவாம். ரெண்டாவதைச் சாப்பிடேக்க, தன்ர மகன் இனிச் சாகும்வரைக்கும் இந்த வீட்டில வந்து சாப்பிடப் போறான் தானே, தானும் பழகத்தானே வேணும் எண்டு நினைச்சாவாம்."

"மூண்டாவது?"

"மூண்டாவதுக்குக் கொஞ்சம் பழகிட்டுதாம்."

அந்த அம்மா தலையை ஆட்டி ஆமோதித்துவிட்டு, கையிலிருந்த மிச்சப் பாதியை வாய்க்குக் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்திலும் கராமாவிலும் எந்த விருந்தாளியையும் போதும் என்று சொல்லவிடாத அக்கா எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காணும் சம்பந்தி," என்றார் அழுதுகொண்டே, "இனிச் சாப்பிடாதேங்கோ."